கீழ்வயலுக்கு வைத்த கைநாட்டு

வாய்க்கால் தண்ணீருக்கான மனு என்று அண்ணன் சுகர்ஜோ நீட்டிய தாளில் லகினெம் நம்பிக் கைநாட்டு வைத்தாள். மெராப்பி மலையடிவாரத்தில் அப்பா அவளுக்கென்று பிரித்துக்கொடுத்த கீழ்வயல் அந்தத் தாளால் அவன் பெயருக்குப் போய்விட்டது. அவள் நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது சுகர்ஜோவோடு சர்வேயர் வந்து கல் ஊன்றினார். அப்போதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

"என்னண்ணே இது?"

"பேருதானே மாறுச்சு? நீ எப்பவும்போல நட்டு அறுத்துக்க. பாதி நெல்லை மட்டும் எனக்குக் குடுத்துடு."

"என் வயல்லயே என்னை வாரக்காரி ஆக்கிட்டியே."

அவன் வரப்பைப் பார்த்தபடி நின்றான். லகினெம் காலையிலிருந்து நட்ட நாற்றையெல்லாம் பிடுங்கிக் கூடையில் போட்டாள்.

"வயல எடுத்துக்க. நாத்து நான் விட்டது."

கையெல்லாம் சேறாக இருந்ததால் அவளால் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை.