கர்னல் நட்ட முளைகள்

நாற்பத்திரண்டு எட்டு. பைனா மறுபடியும் நடந்து எண்ணிப் பார்த்தாள். நாற்பத்திரண்டாவது எட்டில் இருக்க வேண்டிய எல்லை முளைக்குச்சியைக் காணோம். இன்னும் இருபது எட்டு தள்ளி, புதிதாகச் சீவிய வெள்ளை முனையோடு நெல்லுக்குள் நின்றது.

கரோலினாவின் இந்த ஆற்றங்கரை வயல்களில் அடிமைகளுக்கென்று ஒரே ஒரு வழக்கம் இருந்தது. ஆளுக்கு ஒரு பங்கு நிலம். அதைக் களையெடுத்து முடித்தால் மிச்சப் பொழுது அவரவருக்கு. அந்த மிச்சப் பொழுதை நம்பித்தான் பைனா காலையிலிருந்து மூச்சுவிடாமல் களை வெட்டினாள். அக்கரைத் தோட்டத்தில் மகள் மின்டாவுக்குப் பிள்ளை பிறந்து எட்டு நாள். ஆற்றில் ஏறியிருக்கும் கடல் ஓதம் வடிவதற்குள் ஓடத்தில் ஏறினால்தான் அக்கரை போக முடியும். இருபது எட்டு கூடினால் பேரன் முகம் கிடையாது.

கர்னல் டெல்பர்ன் இங்கிலாந்து ராஜாவை எதிர்த்துச் சண்டை போட்டவர். பிறகு ஸ்பெயினில் ஏழு வருடம் தூதராக இருந்துவிட்டு, போன வாரம்தான் தோட்டத்துக்குத் திரும்பினார். விடுதலை, விடுதலை என்று வாய் ஓயாமல் பேசியவர், வந்ததும் வராததுமாக முளைகளைத் தள்ளி நடச் சொல்லிவிட்டார்.

"யாருடா நட்டது இத?" வரப்பில் நின்ற கங்காணியைப் பார்த்துக் கேட்டாள் பைனா.

கங்காணி குவாஷும் அடிமைதான். கால் விரலைப் பார்த்தான். "நாந்தாக்கா. கர்னல் சொன்னாரு. எனக்கு மட்டும் ஆசையா?"

"கை ஒன்னோடதுதான?"

பைனா பழைய அளவு வரைக்கும் களையெடுத்து நிமிர்ந்தாள். பக்கத்துப் பங்குகளிலும் பெண்கள் ஒவ்வொருவராகப் பழைய அளவிலேயே நின்றார்கள்.

"முதுகுத் தோல உரிச்சிருவாருக்கா," என்றாள் பக்கத்துப் பங்கிலிருந்த ஃபிபா.

"உரிக்கட்டும். நான் இன்னிக்கி பேரனப் பாக்கணும்."

கர்னல் குதிரையில் வந்தார். முதலில் தூதரின் சிரிப்புதான் வந்தது. "என்ன பைனா, ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்புக்கு என்ன எசமான், கல்லாட்டம் இருக்கு. எம்பங்கு முடிஞ்சிருச்சி."

"முளை அங்கல்ல இருக்கு."

"அது நேத்து வந்தது. எங்காத்தா காலத்துலேருந்து பங்கு இம்புட்டுதான்."

"இருபது எட்டுதான கேக்குறேன். கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் புதுத்துணி எடுத்துத் தரேன்."

"ஸ்பெயின்காரன் எல்லைய ஒரு முழம் தள்ளுங்கன்னதுக்கு, பதினோரு மாசம் முடியாதுன்னு உக்காந்திருந்தீங்களாமே? விருந்துல நீங்க சொன்னத சமையக்கட்டே கேட்டுச்சி. ரெண்டு பக்கமும் ஒத்துக்காம கோடு நகராதுன்னீங்களாம். எங்க பக்கம் யாரும் ஒத்துக்கல, எசமான்."

சிரிப்பு போய்விட்டது. "அது ரெண்டு நாட்டு விவகாரம். நீ என் சொத்து." கை சாட்டைக்குப் போனது.

பைனாவுக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. மண்வெட்டியைத் தலைகீழாகத் திருப்பி, காம்பைப் பழைய அளவில் சேற்றில் ஓங்கிக் குத்தினாள். ஆழமாக இறங்கியது. அதை அப்படியே விட்டுவிட்டு, ஓடம் நின்ற கரையை நோக்கி நடந்தாள். முதுகில் அடி விழும் என்று ஒவ்வொரு எட்டிலும் காத்திருந்தாள். விழவில்லை. பின்னால் சொத், சொத்தென்று சத்தம்தான் கேட்டது.

கரைமேல் ஏறித் திரும்பிப் பார்த்தாள். பழைய அளவு நெடுக முப்பதுக்கு மேல் மண்வெட்டிகள், வெயிலில் தகடு மின்ன, வரிசையாக நின்றன.

"பிடுங்கி எறிடா குவாஷ்!"

குவாஷ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

கர்னல் குதிரையிலிருந்து இறங்கினார். சேறு முழங்கால்வரை உள்வாங்கியது. முதல் மண்வெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தார்.