படகுத் திருவிழாவுக்கு ஓர் அறை

மூன்றாவதாகப் பார்த்த அறையில் கட்டில் இருந்தது, கதவு இருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாளும் இருந்தது. ஜன்னல்தான் இல்லை. மலிஸ் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். பிறகு தோளைக் கொடுத்துக் கதவை ஒரு முட்டு முட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"ரூம் எடுக்க வந்தியா, கதவ வெல பேச வந்தியா?" என்றாள் கொலாப். கட்டிலில் உட்கார்ந்து உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினாள். கட்டில் வலி வந்த மாடு மாதிரி முனகியது. "தாழ்ப்பாள் நல்லாத்தான் இருக்கு. இது கத்துற கத்துலதான் தெருவே முழிச்சுக்கும்."

"அக்கா, சும்மா இருங்க."

"சும்மாதாண்டி இருக்கேன். அவரு செத்ததுலேர்ந்து சும்மாத்தான் இருக்கேன்."

வாசலில் சாவிக்கொத்தோடு நின்ற லாட்ஜுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மலிஸுக்குக் காது சுட்டது.

கொலாப், மலிஸின் புருஷன் தாரித்துக்கு அக்கா. சந்தையில் மீன் வெட்டுகிறவள். வாயும் அதே கத்திதான். இரண்டு பேரும் காலையில்தான் ஊர்க்காரர்களோடு லாரியில் புனோம் பென் வந்து இறங்கினார்கள். தண்ணீர்த் திருவிழாவின் முதல் நாள். நாட்டில் நடக்கத் தெரிந்தவன் எல்லாம் தலைநகருக்கு வந்துவிட்டான். ஊர்க்காரர்கள் ஆற்றங்கரையில் பாயை விரித்து இடம் பிடித்துவிட்டார்கள். மூன்று நாளும் அங்கேதான் தூக்கம், சோறு, சண்டை எல்லாம். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். லாட்ஜில் அறை எடுப்பது அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம். அதற்காக மலிஸ் ஒரு பன்றிக்குட்டியை விற்றுவிட்டு வந்திருந்தாள். ஊரில் கேட்டவர்களிடம் குட்டிக்குச் சீக்கு என்று சொல்லியிருந்தாள்.

தாரித் தாய்லாந்தில் கான்கிரீட் வேலை செய்கிறான். ஒன்றரை வருஷம் கழித்து வந்திருந்தான். மேஸ்திரி பத்து நாள்தான் விட்டிருந்தான், அதுவும் ஊர்ப் படகில் துடுப்புப் போட வேண்டும் என்று கெஞ்சி வாங்கியது. எல்லையைத் தாண்டியவன் நேராகப் புத்த மடத்துக்குப் போனான், வீட்டுக்கு வரவில்லை. படகு மடத்தில்தான் இருந்தது. படகைத் தண்ணீரில் இறக்கிய நாளிலிருந்து திருவிழா முடிந்து மறுபடி கரையேற்றும் நாள் வரை துடுப்புக்காரர்கள் படகுக்குப் பக்கத்திலேயே படுக்க வேண்டும். பெண்டாட்டி முகத்தைப் பார்க்கலாம், தொடக்கூடாது. படகின் மூக்கில் இருக்கிற அம்மனுக்குப் பெண் வாடை ஆகாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. ஒரு வாரமாக மலிஸ் மடத்துக்குச் சோறு கொண்டுபோனாள், பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். திருவிழா முடிகிற சாயங்காலம் அவன் தலைநகரிலிருந்தே எல்லைக்கு வேன் ஏறிவிடுவான். ஆக, இருப்பது இங்கே இரண்டு ராத்திரி.

போனில் அவன்தான் சொன்னான். "டவுன்ல அவ்வளவு கூட்டத்துல யாரு யாரைப் பாக்கப் போறான்? ஒரு ரூம் பாரு புள்ள. கதவு நல்லா சாத்துற மாதிரி."

காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றைப் பார்த்த மாடிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே ஜன்னலுக்குத் தனி விலை வைத்திருந்தார்கள். ஆற்றைப் பார்ப்பதற்கு யாராவது காசு கொடுப்பானா? ஊரில் சூளையில் செங்கல் அடுக்கிக்கொண்டே நாள் முழுக்கப் பார்க்கிற ஆறுதானே. முதல் லாட்ஜில் ஓர் அறைக்குள் எட்டுப் பேரைப் போட்டிருந்தான். இரண்டாவதில் மூட்டைப்பூச்சி சுவரில் ஊர்வலம் போனது. இது பழைய சந்தைக்குப் பின்னால், மூன்றாவது சந்தில், பச்சைக் கதவு. உள்ளே மின்விசிறி, ஒரு குழாய், ஒரு வாளி.

"இதையே எடுத்துக்கறேன்" என்றாள் லாட்ஜுப் பெண்ணிடம்.

"எத்தனை பேரு?"

மலிஸ் வாயைத் திறக்கும் முன் கொலாப் சொன்னாள்: "ஒண்ணரை. அரை ஆளு திருட்டுத்தனமா வரும்."

மத்தியானம் வெயிலில் நின்று பந்தயம் பார்த்தார்கள். இரண்டிரண்டு படகாக விட்டார்கள். இவர்கள் ஊர்ப் படகுக்கு எழுபது பேர், எழுபதும் மஞ்சள் சட்டை. எதிர்ப் படகை அரைப் படகு நீளத்தில் முந்தினார்கள். ஊர்ச்சனம் தொண்டை கிழியக் கத்தியது. மலிஸும் கத்தினாள். எழுபது முதுகில் எது தன்னுடையது என்று கண்டுபிடிப்பதற்குள் படகு போய்விட்டது.

சாயங்காலம் ஊர்ப் பெண்கள் சோறும் அவலும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு படகு கட்டியிருந்த படித்துறைக்குப் போனார்கள். படகிலிருந்து பத்தடி தள்ளியே நின்றார்கள். பெண்கள் கையிலிருந்து துடுப்புக்காரன் எதையும் நேராக வாங்கமாட்டான். இவள் படியில் வைக்க வேண்டும், அவன் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மலிஸ் தூக்குப் பாத்திரத்தைப் படியில் வைத்தாள். தாரித் மேலே ஏறி வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளங்கைகளில் சிமெண்ட் தின்ற பழைய வெடிப்பு மேல் துடுப்புக் கொப்புளம் புதிதாக உடைந்திருந்தது. அந்தக் கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தொடாமல் எப்படிக் கட்டுவது?

குனிந்து பாத்திரத்தை எடுக்கிற சாக்கில் கேட்டான். "கெடச்சுதா?"

"கெடச்சுது."

"எங்க?"

"பழைய சந்தைக்குப் பின்னால. மூணாவது சந்து. பச்சைக் கதவு."

"வாணவேடிக்கை விடுறப்ப எல்லாரும் மேல பாப்பானுங்க. நான் நழுவிடுறேன். விடியறதுக்குள்ள வந்து படுத்துக்கிட்டா ஒரு பயலுக்கும் தெரியாது."

அவள் தலையை ஆட்டினாள். ஒரு வாரமாக இந்தப் பேச்சைத்தான் அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது காதிலேயே விழுந்தது.

அப்போதுதான் பின்னால் யாரோ சொன்னார்கள். "லீனா, நீ அங்கயே நில்லும்மா. படகு உன்ன மோந்து பாத்துரும்."

பெண்கள் சிரித்தார்கள்.

லீனா கையில் வாழைச் சீப்போடு, கூட்டத்தைவிட இன்னும் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் படகு முதல் நாளே தோற்றது. லீனாவின் புருஷன், படகு ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வீட்டுக்குப் போய்வந்தான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. போனானா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அவன் அடுத்த மாசமே தாய்லாந்து போய்விட்டான். ஊரில் இல்லாதவனை ஊர் என்ன செய்யும்? லீனா இருந்தாள். சூளையில் கல் கைமாற்றுகிற வரிசையில் அவளுக்கு அடுத்து நிற்க ஆளில்லை. அவள் கல்லைத் தரையில் வைப்பாள், அடுத்தவள் குனிந்து எடுப்பாள். இடுப்பு ஒடிந்தாலும் குனிந்துதான் எடுப்பார்கள். மலிஸும் அந்த வரிசையில் நின்று குனிந்து எடுத்தவள்தான்.

லீனாவும் சிரித்தாள். எல்லாரோடும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வராதீங்க" என்றாள் மலிஸ்.

"எங்க?"

"ரூமுக்கு. வராதீங்க."

தாரித் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே நின்றான். "யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நாளைக்குப் படகு தோத்தா?"

"தோத்தா தோக்குது. தோக்கறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. பாதிப் பேரு நேத்துலேர்ந்து குடிச்சுட்டுக் கெடக்குறான்."

"ஆயிரமும் எந்தலையிலதாங்க வந்து விடியும். நீங்க வேன் ஏறிப் போயிருவீங்க. சூளையில நிக்கப்போறது நான்."

அவன் லீனா நின்ற பக்கம் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டான். பிறகு கோபம் வந்தவன் மாதிரி, "ஒனக்கு ஆசையே இல்லையா புள்ள?" என்றான்.

"கேளுங்க. அந்தத் தாழ்ப்பாளை எத்தனை தடவ போட்டுப் பாத்தேன்னு போயி ஒங்க அக்காவைக் கேளுங்க." அவள் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஆசை இல்லையாம்."

கீழேயிருந்து படகுத் தலைவர் சாரூன் கத்தினார். "டேய் தாரித்! சோறு வாங்கப் போனியா, வெதச்சு அறுத்துக்கிட்டு வரப் போனியா?"

எழுபது பேரும் சிரித்தார்கள். தாரித் இறங்கிப் போனான். பாதிப் படியில் நின்று திரும்பினான். போய்விட்டான்.

கொலாப் எல்லாவற்றையும் தள்ளி நின்று பார்த்திருந்தாள். பக்கத்தில் வந்து, "வர்றானா?" என்றாள்.

"வேண்டாம்னுட்டேன்."

கொலாப் முதல் தடவையாகக் கேலி செய்யவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அப்ப அந்தக் குகைக்குள்ள போயி என்ன பண்ணப் போற?" என்றாள்.

மலிஸ் நிமிர்ந்து பார்த்தாள். படித்துறைக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், ஆற்றைப் பார்த்த லாட்ஜுகள் வரிசையாக நின்றன. மாடிக்கு மாடி ஜன்னல். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள்.

"அக்கா, அங்கேர்ந்து பாத்தா படகு தெரியுமா?"

"படகு தெரியும். எம்பி எம்பிப் பாத்தா ஒன் புருசன் பல்லுகூடத் தெரியும். காசு கேப்பான்டி. காலையில அந்தப் பக்கம் தலைய வச்சுக்கூடப் படுக்கமாட்டேன்ன."

"அந்த ரூமுக்குக் குடுத்த முன்பணம்?"

"அத நான் தர்றேன். நான் படுத்துக்கறேன் அங்க. கட்டில் கத்துனா கத்தட்டும், எனக்கும் பேச்சுத் துணை ஆச்சு."

அறையென்று தனியாக எதுவும் மிச்சமில்லை. இரண்டு லாட்ஜில் கையை விரித்தார்கள். மூன்றாவதில், நான்காம் மாடியில், பத்தம்பாங்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் எடுத்திருந்த அறையின் மூலையில் ஒரு ஒற்றைக் கட்டில் இருந்தது. கட்டில் என்று மரியாதைக்குச் சொல்லவேண்டும்; பலகை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு துணி தொங்கியது. ஆனால் பலகை ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. பன்றிக்குட்டிக் காசில் மிச்சம் இருந்ததை மலிஸ் பேரம் பேசாமல் கொடுத்தாள்.

அந்தக் குடும்பத்துக் கிழவர், "ஆறு பாக்க வந்தியா தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ஆறு பாக்கத்தான்."

இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கு ஜோடித்த மிதவைகளை நடு ஆற்றில் விட ஆரம்பித்துவிட்டார்கள். கீழே படித்துறையில் விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் சட்டைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. மேலேயிருந்து பார்க்க, எல்லாம் ஒரே மாதிரி, அவித்த சோளமணி மாதிரி இருந்தது. மலிஸ் போன் போட்டாள்.

"ஏங்க, நான் மேல நிக்கிறேன். கரைக்கு நேரா, நாலாவது மாடி. பெரிய பீர் போர்டு இருக்கு பாருங்க, அதுக்குப் பக்கத்துல."

"அங்க எப்படிப் போன? அந்த ரூம் என்னாச்சு?"

"அதுல ஒங்கக்கா குடித்தனம் பண்றாங்க. எந்திரிங்க. எந்திரிச்சுக் கையத் தூக்குங்க, எனக்கு ஆள் தெரியல."

தாரித்துக்குப் பக்கத்தில் இருந்தவன் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். யாரோ ஏதோ கத்தினார்கள். அடுத்த நிமிஷம் எழுபது பேரும் எழுந்து எழுபது கையையும் தூக்கி ஆட்டினார்கள். "மலிஸ்! நான் இங்க இருக்கேன்! சோறு போட வா!" என்று ஆளுக்கு ஒரு பக்கம் கூப்பாடு. பத்தம்பாங்குக் குடும்பம் ஜன்னலுக்கு ஓடிவந்தது. மலிஸ் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதன் பிறகு அந்த நீர் நிற்கவில்லை.

"உக்காருங்கடா நாய்ங்களா" என்று போனுக்குள் தாரித் கெஞ்சுவது கேட்டது. சாரூனும் அதட்டினார். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

ஒரே ஒரு மஞ்சள் சட்டை மட்டும் கையைத் தூக்கியபடி நின்றது. அவனேதான். சாய்ந்த இடது தோள், கழுத்தை முன்னால் நீட்டுகிற நீட்டல். அவன் இவளைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கட்டடத்திலும் ஒரு பீர் போர்டு இருந்தது.

"தெரியுதா புள்ள?"

"தெரியுது. நல்லாத் தெரியுது."

"நானும் பாத்துட்டேன்" என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "செவப்புச் சட்டை. அதுக்குள்ள மாத்திக்கிட்டியா? புதுசா?"

மலிஸ் தான் காலையிலிருந்து போட்டிருந்த பச்சைச் சட்டையைக் குனிந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். பக்கத்துக் கட்டடத்தின் நாலாவது மாடியில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, சிவப்புச் சட்டை போட்ட ஒருத்தி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்க இல்ல, இங்க பாருங்க என்று சொல்ல வாயெடுத்தாள். கீழே அவன் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, கொப்புளம் உடைந்த கை.

"ஆமா" என்றாள். "புதுசு."

"நல்லா இருக்கு. இங்கேர்ந்து பாக்க கொஞ்சம் சதை போட்ட மாதிரி இருக்க. படியில கிட்டக்க பாத்தப்போ எளச்ச மாதிரி இருந்துச்சு, மனசே கேக்கல எனக்கு."

"போட்டிருக்கேன். நல்லாச் சாப்பிடுறேன்."

"உள்ள போயிராத புள்ள. கொஞ்ச நேரம் அப்படியே நில்லு. பாத்துக்கறேன்."

சிவப்புச் சட்டைக்காரியை உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. அவள் பாதி திரும்பினாள். போயிராதேம்மா, போயிராதே என்று மலிஸுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் உள்ளே பார்த்து ஏதோ சொல்லிவிட்டு மறுபடி ஆற்றுப் பக்கம் சாய்ந்தாள்.

"நிக்கிறேன்" என்றாள் மலிஸ் போனில். "நிக்கிறேங்க. பாருங்க."