சிவப்புத் துண்டு

எங்கள் சரயேவோவில் காபித் தட்டில் எப்போதும் ஒரு கோப்பை கூடுதலாக இருக்கும். யார் வந்து கதவைத் தட்டுவார்களோ, யாருக்குத் தெரியும்? எனக்கும், ஆற்றுக்கு அக்கரையில் எதிரே குடியிருந்த என் தங்கை முனீராவுக்கும் அதற்கு மேலும் ஒரு ஏற்பாடு உண்டு. காபி தயாரானதும் பால்கனியில் சிவப்புத் துண்டைத் தொங்கவிட வேண்டும். அதைப் பார்த்ததும் மற்றவள் பாலத்தைத் தாண்டி வந்துவிடுவாள். நான் ஏழு மணிக்கே போட்டுவிடுவேன். அவள் முறை வரும் நாளில் பத்து மணியானாலும் துண்டு தெரியாது. அப்படியொரு தூங்குமூஞ்சி.

போர் வந்ததும் அந்த ஆறே எல்லையாகிவிட்டது. மலைமேல் பீரங்கிகள், அக்கரை மாடிகளில் ஒளிந்திருந்து குறிபார்த்துச் சுடுகிறவர்கள். முனீரா அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். தொலைபேசி செத்துப்போவதற்கு முந்தின நாள் பேசினோம்.

"துண்டை மட்டும் போட்டுடு. நீ உசுரோட இருக்கேன்னு நான் தெரிஞ்சுக்கறேன்" என்றேன்.

"எத்தனை மணிக்கு?"

"நான் ஏழுக்கு. நீ எந்திரிக்கிறப்போ, மகாராணி."

"குண்டு விழும்போதுகூட என்னைத் தூங்க விடமாட்டியா சும்ரா?" என்று சிரித்தாள்.

தண்ணீருக்கு வரிசை, ரொட்டிக்கு வரிசை. கணவர் போருக்கு முன்பே இறந்துவிட்டார், பிள்ளையும் இல்லை. நாற்காலிகளை எரித்தேன், பிறகு தரைப்பலகைகளைப் பெயர்த்து எரித்தேன். காபிக்குப் பதில் பருப்பைக் கருக வறுத்துக் காய்ச்சினேன். குடிக்க நான் ஒருத்திதான். ஆனாலும் தட்டில் இரண்டு கோப்பை வைப்பேன். தனிமையில் பசிக்கும் முன்னால் குரல்தான் செத்தது. சில நாட்கள் நான் வாயே திறக்கவில்லை.

துண்டை மட்டும் விடவில்லை. துடைப்பக் கட்டையில் மாட்டி, தரையோடு படுத்துக்கொண்டு வெளியே தள்ளுவேன்.

"ஒரு துணிக்காக மண்டை போகப் போகுது" என்பார் மேல்வீட்டு அவ்தோ.

"நீங்க ஒரு சிகரெட்டுக்காக நடுத்தெருவுல ஓடலையா?"

"அது அவசியம்மா."

"இதுவும்தான்."

முதல் குளிர்காலத்தில் மூன்று நாள் அவள் துண்டைக் காணவில்லை. நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ஏழு மணிக்கு என் துண்டு வெளியே போன கையோடு அவளுடையதும் வந்தது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீங்களா, ஒருவழியா என் தங்கச்சிக்குப் புத்தி வந்துடுச்சு" என்று அவ்தோவிடம் சொல்லிச் சிரித்தேன்.

சமாதானம் வந்து பாலத்தைத் திறந்த அன்று, நல்ல காபித்தூள் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு முனீரா வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தது யாரோ ஒரு பெண். அவளுக்குப் பின்னால் பால்கனியில் சிவப்புத் துண்டு தொங்கியது.

"முனீரா எங்கே?"

அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"என் பேரு தோப்ரிலா. வீட்டை இழந்து பக்கத்து வீட்டுல வந்து ஒண்டினவ. முதல் குளிர்லயே அவங்களுக்கு நெஞ்சுல சளி கட்டிடுச்சு. மருந்து கிடைக்கலக்கா. கடைசியா நான்தான் கூட இருந்தேன். அப்புறம் இங்கேயே தங்கிட்டேன்."

"அப்போ அந்தத் துண்டு?"

"அது தெரியலைன்னா அக்கா செத்துடுவான்னு அழுதாங்க. எப்போ போடணும்னு சொல்லல. உங்களோடது வந்ததும் போட்டுடுவேன். முதல்ல அவங்களுக்காகத்தான் செஞ்சேன். அப்புறம் எனக்கும் வேற யாரு இருந்தா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. கன்னத்தில் அறைந்துவிடலாமா என்றிருந்தது. இறந்துபோனவளுக்கு நான் தினமும் காலையில் வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

"அவ ஏழு மணிக்கு எந்திரிக்கவே மாட்டா" என்றேன். "எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." அதன்பிறகுதான் அழுகை வந்தது.

தோப்ரிலா நான் கொண்டுபோன தூளைக் காய்ச்சினாள். தட்டில் ஊர் வழக்கப்படி மூன்று கோப்பைகளை வைத்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் பதறி, மூன்றாவதை எடுக்கப் போனாள்.

"இருக்கட்டும்" என்றேன். "அவ லேட்டாத்தான் வருவா."