எட்டாவது ஆணியில் தொங்கிய குவளை

டோர்க்கா என்ன தொழில் செய்கிறாள் என்று கொகோலா சந்தையில் யாரைக் கேட்டாலும் மீன் வறுத்து விற்கிறாள் என்பார்கள். சொல்லும்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடும். மீன் வாசலில், சாராயம் உள்ளே. உள்ளறைச் சுவரில் எட்டு ஆணி, எட்டு எனாமல் குவளை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரன் உண்டு. ஒருத்தன் குவளையை இன்னொருத்தன் தொட்டால் அன்றைக்கு நாற்காலி பறக்கும்.

மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் கான்ஸ்டபிள் சிமியு கதவைத் தட்டினான். “வா தம்பி, உக்காரு” என்று டோர்க்கா வாய் நிறைய வரவேற்றாள். அவன் உட்காரவில்லை. இருபது லிட்டர் சாராயக் கேனைத் தூக்கினான், குவளைகளைக் கோணியில் போட்டான்.

“கோவிச்சுக்காதேக்கா. புது இன்ஸ்பெக்டர் ஆளுக்கு மாசம் ஒரு கேஸ் கேக்குறாரு. சும்மா ஒரு அபராதத்தோட விட்டுடுவாங்க.”

அவள் ஏற்கெனவே இரண்டு தடவை அபராதம் கட்டியவள் என்பது அவனுக்குத் தெரியாது. மூன்றாவது தடவை என்றால் ஆறு மாதம் உள்ளே. வீட்டில் மூன்று பிள்ளைகள். புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம்.

வழக்கன்று காலை, கோர்ட்டு வளாகத்து மாமரத்தடியில் அவளுடைய வக்கீல் ஓமொல்லோ அவளைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் கையில வாரண்டு இருந்துச்சா?”

“குடைகூட இல்லை வக்கீலய்யா. தொப்பலா நனைஞ்சு வந்தான்.”

“அப்ப பாதி ஜெயிச்சாச்சு. போலீஸ்காரன் முறையில்லாம வீட்டுக்குள்ள பூந்து எடுத்ததை வழக்குலேருந்து தள்ளச் சொல்லி மாஜிஸ்ட்ரேட்டைக் கேக்கலாம். கேன் போனா கேஸும் போச்சு. நீ ஒண்ணும் அவனை உள்ள கூப்பிடலையே?”

“கூப்பிடாம? வாசலுக்கு வந்தவனை ‘வா’ன்னு சொல்லாம இருக்க, என்னை என்ன காட்டுலயா வளத்தாங்க?”

ஓமொல்லோ மரத்தில் சாய்ந்துவிட்டார். “ஆலேகோ ஊருப் பொண்ணே, அந்த ஒரு ‘வா’வுக்கு விலை ஆறு மாசம்! வீட்டுக்காரி சம்மதிச்சு உள்ள விட்டா வாரண்டே தேவையில்லை.”

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“ஐயோ, வேண்டாம். வாயைத் திறக்காம இரு, போதும். நீ சம்மதிச்சேன்னு நிரூபிக்க வேண்டியது அவங்க பாடு.”

“வாயைத்தானே? பையைத் திறக்கலாமில்ல?”

அதற்குள் உள்ளே பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். ஓமொல்லோ காதில் அது விழவில்லை.

கேனை மேசைமேல் வைத்ததுமே ஓமொல்லோ எழுந்து ஆட்சேபம் சொன்னார். மாஜிஸ்ட்ரேட் அம்மா பேனாவை மூடினார். “சரி. கேனுக்குள்ள என்ன இருக்குங்கறது அப்புறம். முதல்ல அது இங்க எப்படி வந்துச்சுன்னு பாப்போம்.”

சிமியு கூண்டில் ஏறினான். அரசுத் தரப்பு வக்கீல் எப்படி உள்ளே போனாய் என்று கேட்டார்.

“தட்டினேன். ‘வா தம்பி, உக்காரு’ன்னாங்க. போனேன்.”

அத்தனையும் சத்தியம். மூன்றாவது வரிசையில் புது இன்ஸ்பெக்டர் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

ஓமொல்லோ எழுந்தார். “வீட்டுக்குள்ள சரக்கை வெச்சுக்கிட்டு, யூனிபார்மோட வந்த போலீஸை ஒருத்தி ‘உக்காரு’ம்பாளா?”

“சொன்னாங்க.”

“முன்னப்பின்னப் பழக்கமோ?”

சிமியு இன்ஸ்பெக்டரை ஒரு பார்வை பார்த்தான். “ஒரு பழக்கமும் இல்லை. அந்த வீட்டுப் படியை அன்னைக்குத்தான் முதல் தடவையா மிதிச்சேன்.”

அடப்பாவி! அவன் உள்ளறைக்கு இரண்டு வருஷத்து வாடிக்கை. யார் குடிக்க வருகிறார்கள் என்று வெளியே மூச்சு விடாததுதான் டோர்க்காவின் தொழிலுக்கு மரியாதை. அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை. ஆறு மாதம் பிள்ளைகளைத் தெருவில் விடவும் மனமில்லை. வாயைத் திறக்காமல் குனிந்து பையைத் திறந்தாள்.

எட்டாவது ஆணியில் தொங்கும் நீலக் குவளை வெளியே வந்தது. முன்பு ஒருநாள் அதன் காது உடைந்தபோது, சிமியுவே உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிச் சரிசெய்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழு குவளைகளை அள்ளியவன் இதை மட்டும் ஆணியிலேயே விட்டுப் போயிருந்தான். விவரமான பிள்ளை. டோர்க்கா அதை மடியில் வைத்து, மேல்துணி நுனியால் நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தாள். செம்புக் கம்பி பளபளத்தது.

“முதல் தடவையா வந்த ஆளையா ‘வா தம்பி’ன்னாங்க?” என்றார் ஓமொல்லோ.

சிமியு குவளையைப் பார்த்தான். இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

“கதவு... சாத்தியிருந்துச்சு. நான்தான் தள்ளிக்கிட்டு உள்ள போனேன்.”

“கூப்பிட்டாங்களா, இல்லையா?”

“நல்ல மழைங்க. தகரக் கூரை. எனக்குச் சரியாக் காதுல விழலை.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அரசுத் தரப்பு வக்கீல் தன் காகிதங்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மாஜிஸ்ட்ரேட் அம்மா கண்ணாடியை இறக்கினார். “நீங்க முதல்ல சொன்னதுல அவங்க கூப்பிட்டாங்க. இப்ப நீங்க தள்ளினீங்க. எது நெசம்னு உங்களுக்கே தெரியலைன்னா எனக்கு எங்கேருந்து தெரியும்? சம்மதம் நிரூபணம் ஆகலை. வாரண்டும் கிடையாது. மீன் விக்கிறவ வீட்டுக் கதவுக்கு மரியாதை இல்லைன்னா, நாளைக்கு என் வீட்டுக் கதவுக்கும் இருக்காது. இந்தக் கேனும் ஏழு குவளையும் இந்த வழக்குல இல்லை. இன்ஸ்பெக்டர், உங்க ஆளு ரெண்டு விதமா சொன்னதுக்கு எனக்கு எழுத்துல விளக்கம் வேணும்.”

கேனை விட்டால் அரசுத் தரப்பிடம் வேறு சரக்கே இல்லை. வழக்கு அங்கேயே முடிந்தது.

“அம்மா,” என்றார் மாஜிஸ்ட்ரேட், டோர்க்காவைப் பார்த்து. “மடியில என்ன அது?”

சிமியு கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்தான்.

“குவளைங்கம்மா.”

“போலீஸ் பட்டியல்ல இருக்கா?”

“இல்லீங்க.”

“அப்ப என் கண்ணுலயும் இல்லை. உள்ள வைங்க.”

வெளியே மாமரத்தடியில் சிமியு ஓடி வந்து மறித்தான். “அக்கா... என் குவளை.”

“உன் குவளையா? நீதான் என் வீட்டுப் படியையே மிதிச்சதில்லையே!”

மறுநாள் உள்ளறையில் எட்டு ஆணி, ஒரே குவளை. மற்ற ஏழும் இன்னும் கோர்ட்டு அலமாரியில். கேன் போனதால் அன்றைக்கு மீன் சாறு மட்டும்தான். ஏழு வாடிக்கைக்காரர்களும் அந்த நீலக் குவளையை முறை வைத்து வாங்கி உறிஞ்சினார்கள். நாற்காலி ஒன்றும் பறக்கவில்லை. மூன்று மணிக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு போலீஸ் தொப்பி வந்து நின்றது. தட்டவும் இல்லை, போகவும் இல்லை.

“பாவம், ‘வா தம்பி’ன்னு ஒரு வார்த்தை கூப்பிடேன்” என்றான் ஒருத்தன்.

டோர்க்கா மீனைத் திருப்பிப் போட்டாள்.

“வாரண்டு இருந்தா வரட்டும்.”