அன்பளிப்பாக மாறிய ஊதியம்

வரி அலுவலகத்தின் கடிதம் மின்னஞ்சலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்திருந்தது. யாரோ அவசரத்தில் காகிதத்தை ஸ்கேனரில் கோணலாக வைத்துவிட்டார்கள். நிரலருக்கு முதலில் கோபம் வந்தது அந்தச் சாய்வின் மேல்தான். கடிதத்தைத் தன் மென்பொருளில் போட்டு நேராக்கிய பிறகே படித்தார். படித்ததும், கோணலாகவே விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

கோணல்மாணலாக ஸ்கேன் செய்த காகிதங்களை நேராக்கும் அந்த மென்பொருள் அவர் எழுதியது. கட்டற்ற மென்பொருள். அதாவது காசு கிடையாது, உள்ளே எப்படி இயங்குகிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றிவிட்டு அவரையே திட்டலாம். கடைசி உரிமையைத்தான் அதிகம் பேர் பயன்படுத்தினார்கள்.

இதன் அடுத்த பதிப்பு கையெழுத்தையும் படிக்க வேண்டும் என்பது அவர் கனவு. அதற்கு ஒரு வருடம் முழுதாக வேண்டும். ஆகவே கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இணையத்தில் ஊரிடம் நிதி கேட்டார். பணம் கேட்பவர்கள் பொதுவாகக் கொஞ்சம் குழைவார்கள். இவர் பிரகடனம் வெளியிட்டார். “நான் கையேந்தவில்லை. நீங்கள் தருவது தானமும் அல்ல, அன்பளிப்பும் அல்ல. என் உழைப்புக்கு உலகம் தரும் ஊதியம்!”

“கொஞ்சம் தயவா கேட்டா என்னங்க?” என்றார் மனைவி. அவர் மருத்துவமனை ஒன்றில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். பிறர் கையை நீட்டச் சொல்லியே பழக்கப்பட்டவர்.

“கட்டற்ற மென்பொருள்காரன் யார் முன்னாலும் குனிய மாட்டான்” என்றார் நிரலர், மேஜைக்கு அடியில் குனிந்து சார்ஜரைத் தேடியபடி.

ஆச்சரியம், பணம் வந்தது. ஒரு வருடம் குடும்பம் நடத்தப் போதுமான பணம். கணவன் மனைவிக்குள் ஒப்பந்தம் தெளிவானது: அந்தப் பணம் இருக்கும்வரை அவர் வீட்டிலிருந்து எழுதலாம், தீர்ந்த மறுநாள் பழைய கம்பெனி. பழைய மேனேஜரும் வாரம் தவறாமல் போன் செய்து, “உங்க சீட்ல இன்னும் யாரையும் உக்கார வைக்கலை” என்று பாசத்தோடு மிரட்டிக்கொண்டிருந்தார். கூட வேலை பார்ப்பவர்கள் யாராவது விசாரித்தால் மனைவி, “வீட்லதான் இருக்கார்” என்று சொல்லிவிட்டு ரத்தக் குப்பிகளை எண்ணத் தொடங்கிவிடுவார்.

இப்போது வரி அலுவலகம் கேட்கிறது: இது என்ன பணம்?

மனைவியின் அண்ணன் ஆடிட்டர். அன்று மாலையே தோல் பையோடு வந்து இறங்கினார். அவர் உட்காரும்போதே நாற்காலிக்குச் சட்டத்தின் கனம் வந்துவிடும். நிரலர் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். போகிற வழியில் ஃபிரிட்ஜைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார்.

“மாப்பிள்ளை, ஒரே கேள்வி. பணம் கொடுத்தவங்களுக்கு நீங்க என்ன கொடுத்தீங்க?”

“மென்பொருள் கொடுத்தேன் மச்சான்.”

“கொடுக்காதவங்களுக்கு?”

“அவங்களுக்கும் அதேதான்.”

“அப்போ கொடுத்தவங்களுக்குன்னு தனியா ஒண்ணும் கொடுக்கலை. பிரமாதம்! பதிலுக்கு எதுவும் வாங்காம கொடுத்தா அது அன்பளிப்பு. அன்பளிப்புக்கு வரி கிடையாதுன்னு வாதாடலாம். நீங்க ஒண்ணுமே செய்யலைன்னு நிரூபிச்சா போதும்.”

“நான் ராத்திரி பகலா உழைச்சிருக்கேன் மச்சான்!”

“அதை வெளியில சொல்லித் தொலைக்காதீங்க.”

நிரலர் நடையின் வேகத்தைக் கூட்டினார். ஆடிட்டர் காபியை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: “ஊதியம், கூலி, அந்த மாதிரி எங்கயும் எழுதி வைக்கலையே?”

நிரலர் மறுபடியும் ஃபிரிட்ஜைத் திறந்தார். ஃபிரிட்ஜ் மட்டும் உறுமியது.

“கொட்டை எழுத்துல எழுதியிருக்கார் அண்ணா” என்றார் மனைவி.

“உடனே மாத்துங்க. அன்பளிப்புன்னு போடுங்க. பணிவா ரெண்டு வார்த்தை சேத்துக்குங்க.”

மச்சான் காபியை முடிப்பதற்குள் பிரகடனம் பணிந்துவிட்டது. ‘உங்கள் அன்பளிப்புக்கு என் நன்றி.’ நிரலர் தன் தொழில் வழக்கப்படி, என்ன மாற்றினோம் என்பதற்குத் திருத்தக் குறிப்பு ஒன்றும் எழுதிச் சேமித்தார். இருபது வருடப் பழக்கம். பல் தேய்த்ததும் வாய் கொப்பளிப்பது மாதிரி, யோசித்துச் செய்வதில்லை.

விசாரணை நாளன்று வரி அலுவலக நடைபாதையில் அவருடைய கால் ஆடிய ஆட்டத்தில் பெஞ்சின் மறுமுனையிலிருந்த பெரியவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

“காலை நிறுத்துங்க மாப்பிள்ளை. குத்தவாளி மாதிரி இருக்கு.”

“அபராதமும் போட்டா எவ்வளவு மிஞ்சும் மச்சான்?”

“அடுத்த வாரம் டை கட்டிக்கிட்டுப் பழைய ஆபீஸ் போகலாம்.”

கால் இன்னும் வேகமாக ஆடியது.

அதிகாரி, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்திருந்த ஒரு பெண்மணி. ஆடிட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார். சட்டத்தின் ஆன்மா, அன்பின் இலக்கணம், தன்னலமற்ற ஒரு சமூகம் என்று மூச்சு விடாமல் பேசி, “என் கட்சிக்காரர் யாருக்கும் எதுவும் செய்ததில்லை” என்று நெஞ்சில் கைவைத்து முடித்தார்.

அதிகாரி கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். நன்றி சொல்லும் பக்கம் இருந்தது. அதற்குக் கீழே, யாரும் பார்க்கக்கூடிய இடத்தில், தேதியோடு திருத்தக் குறிப்பு இருந்தது: ‘ஊதியம் என்று இருந்ததை அன்பளிப்பு என்று மாற்றியுள்ளேன். காரணம்: வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. யோசனை: மச்சான்.’

ஆடிட்டர் மெல்ல உட்கார்ந்தார். தோல் பையைத் திறந்து அதற்குள் எதையோ வெகுநேரம் தேடினார். தூரத்து உறவாகிவிட முடியுமா என்று தேடியிருக்கலாம்.

“இதை யார் எழுதினது?”

“நான்தான் மேடம்.”

“எதுக்கு எழுதினீங்க?”

“எதை மாத்தினாலும் காரணம் எழுதணும். இல்லேன்னா பின்னால வந்து பாக்கறவங்களுக்குப் புரியாது.”

“எனக்கு நல்லாப் புரிஞ்சுது.” அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். “வருமானத்தை மறைச்சா அபராதம் எவ்வளவு தெரியுமா?”

“மறைக்கிறவன் காரணத்தை எழுதி ஊருக்கே காட்டுவானா மேடம்?”

அதிகாரி அவரை உற்றுப் பார்த்தார். “என் சர்வீஸ்ல மறைச்சவங்க எல்லாரும் கொஞ்சமாவது சிரமப்பட்டிருக்காங்க. நீங்க ஒரு சிரமமும் படலை. இதை மறைச்சதுன்னு எழுதினா என் மேலதிகாரி என்னைப் பாத்துச் சிரிப்பார். அபராதம் வேண்டாம். ஆனா இது வருமானம்தான். வேலை செஞ்சீங்க, பணம் வந்துச்சு. செலவு என்ன?”

“அன்பளிப்புக்குச் செலவுக் கணக்கு தேவையில்லைன்னு மச்சான்...”

பைக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

“...ஆனா எல்லாம் அதே பக்கத்துல போட்டு வச்சிருக்கேன் மேடம்.”

போட்டுத்தான் வைத்திருந்தார். சர்வர் வாடகை, சோதிக்க வாங்கிய பழைய ஸ்கேனர்கள், எழுத்து மாதிரிகள் சேகரித்துத் தந்த பெண்ணுக்குக் கொடுத்த சம்பளம், எல்லாம் ரசீதோடு. அதிகாரி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

“நாற்காலியா?”

“முதுகு வலி மேடம்.”

“சாப்பிடறதும் அதுலதானே?”

“சாப்பிடும்போதும் எழுதுவேன்.”

“பாதி எடுத்துக்கறேன்.”

வெளியே வந்ததும் ஆடிட்டர், “எப்படி வாதாடி அபராதத்தை நிறுத்தினேன் பாத்தீங்களா?” என்றார். நிரலரின் மனம் அங்கே இல்லை. கட்டவேண்டியது மூன்று மாதச் சாப்பாடு. ஒரு வருடம் கேட்கிற பதிப்பு மீதிக்குள் முடியாது. கையெழுத்தைப் படிக்கிற பகுதியைத் தொடுவதற்குள் பணம் தீர்ந்துவிடும். வீடு வரும்வரை பேருந்துக் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

வரி அலுவலகத்தின் உத்தரவு சில நாட்களில் வந்தது. மறுபடியும் கோணலாக. அவர் அதை நேராக்கித் திரையில் விட்டுவிட்டு, ஜன்னலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே நடந்தார். மனைவி கைப்பையைத் தோளிலிருந்து கழற்றாமலே நின்று படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

“தொழில்: மென்பொருள் உருவாக்கம்னு போட்டிருக்காங்க.”

“ஆமா. அதுக்குத்தான் மூணு மாசம் போச்சு.”

“இதுவரைக்கும் யாராவது இப்படி எழுதிக் கொடுத்திருக்காங்களா?”

அவர் நடப்பதை நிறுத்தி யோசித்தார். யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

“மூணு மாசத்துக்கு என் சம்பளம் இருக்கு” என்றார் மனைவி. “ஆனா ஒண்ணு. முதல்ல அந்தப் பக்கத்தைப் பழையபடி மாத்துங்க. அன்பளிப்பாம்!”

அவர் மாற்றினார். பாதி முதுகுக்கு வரிவிலக்குப் பெற்ற நாற்காலியில் உட்கார்ந்து திருத்தக் குறிப்பும் எழுதினார்: ‘மீண்டும் ஊதியம். காரணம்: வரி கட்டியாகிவிட்டது. யோசனை: மனைவி.’ சேமித்த சூட்டோடு, இதுவரை காலணாகூடத் தராத ஒருவர் கீழே வந்து கேட்டிருந்தார்: ‘அடுத்த பதிப்பு எங்கே? தூங்குகிறீர்களா?’ நிரலரின் கால் ஆடத் தொடங்கியது.

மேஜைமேல் போன் அடித்தது. மேனேஜர். அவர் கை நீட்டுவதற்குள் மனைவி எடுத்துவிட்டார்.

“இல்லைங்க, இப்போ பேச முடியாது” என்றார். “அவர் வேலையில இருக்கார்.”