இரண்டாம் கண்

விடிவதற்கு முன்பே அந்தக் கூடத்தில் கீபோர்டுகள் தடதடக்க ஆரம்பித்துவிடும். வெளியே தெருவிளக்கு இன்னும் அணைந்திருக்காது. உள்ளே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் திரை வெளிச்சம் நீலமாக விழும். கண் எரியும், கழுத்து இறுகும், மணிக்கட்டு மரத்துப்போகும். குளிர்ச்சாதனம் கம்ப்யூட்டர்களுக்காகப் போட்டது. மனிதர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு சமாளிக்க வேண்டியதுதான். உட்கார்ந்து தட்டுகிற வேலைதானே என்று சொல்கிறவர்களை ஒரு வாரம் அங்கே உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் பேசட்டும்.

வேலை இதுதான். ஒரு கம்பெனி டெக்ஸ்ட் எடிட்டர் விற்கிறது. கம்ப்யூட்டரில் எழுதவும் எழுதியதைத் திருத்தவும் உதவுகிற மென்பொருள். அதற்கு மலைபோல ஒரு உதவிக் கையேடு. எழுதியவர்கள் பல பேர், ஆளுக்கு ஒரு குறி. அமுக்க வேண்டிய கீயின் பெயரை ஒருவர் இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே வைத்திருப்பார், இன்னொருவர் மேற்கோள் போட்டிருப்பார், மூன்றாமவர் அம்போ என்று விட்டிருப்பார். அத்தனையையும் இந்தக் கூடத்துக்காரர்கள் ஒரே மாதிரி சதுர அடைப்புக்குள் கொண்டுவர வேண்டும். படிக்கிறவன் குறியைப் பார்த்ததுமே இது அமுக்க வேண்டியது, இது அடிக்க வேண்டியது என்று புரிந்துகொள்ள வேண்டும். இங்கே குறி தவறினால் அங்கே அவன் கை தவறும்.

அன்று காலை எக்ஸ்பிரஸுக்குக் கை ஓடவில்லை. அந்தக் கூடத்திலேயே வேகமானவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பக்கத்து சீட்டில் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு பெண் குழந்தையோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். இந்த வேலையை எக்ஸ்பிரஸுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

"என்னம்மா, வண்டி இன்னிக்கு ஸ்டேஷன விட்டே கிளம்பல?" என்று கேட்டார் நாத்தனார்.

"தலைவலி அண்ணி."

தலைவலி இல்லை. போன வாரம் செய்த காரியம் இப்போது ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கம்பெனியிலிருந்து ஏதோ புகார் என்று முந்தைய நாளே காற்றில் பேச்சு அடிபட்டது. எந்தப் பக்கம் என்று காதில் விழுந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

போன வாரம் நாத்தனாரின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. நடுவில் எழுந்து போனால் அரைநாள் சம்பளம் போய்விடும். "என் பக்கத்தையும் கொஞ்சம் பாத்துக்கோடீ" என்று சொல்லிவிட்டு நாத்தனார் பின்படி வழியாக ஓடினார். எக்ஸ்பிரஸ் அந்த சீட்டில் உட்கார்ந்தாள். அத்தியாயம் முழுக்க நட்சத்திரங்கள். 'ஒவ்வொன்றாகப் பார்க்கவா, எல்லாவற்றையும் மாற்றவா?' என்று எடிட்டர் கேட்டது. கேட்கத்தான் செய்தது. அவள் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னாள். தன் சீட்டிலும் வேலை தலைக்கு மேல் கிடந்தது. நட்சத்திரம் என்றால் நட்சத்திரம்தானே என்று ஒரு திமிரும் இருந்தது.

ஆனால் ஒரு பக்கத்தில் அந்த நட்சத்திரங்கள் கையேட்டின் குறி அல்ல. நட்சத்திரங்களுக்கு நடுவே நீங்கள் எழுதிவைத்த 'குறிப்பு' என்ற சொல்லை நீக்குவது எப்படி என்று சொல்லித்தரும் பக்கம் அது. நட்சத்திரத்தையும் சேர்த்துத்தான் படிக்கிறவர் தேடல் பெட்டியில் அடிக்க வேண்டும். அவள் மாற்றியதில் அது சதுர அடைப்பாகிவிட்டது. அந்தத் தேடல் பெட்டியிலோ சதுர அடைப்புக்கு வேறு அர்த்தம்: உள்ளே இருக்கும் எழுத்தில் எது எங்கே அகப்பட்டாலும் பிடி. பிடித்ததெல்லாம் நீங்கிவிடும்.

முதலாளி வெயில் ஏறியதும் வந்தார். கத்துகிற மனிதர் அல்ல. கத்தினால்கூடத் தேவலை என்று தோன்றும்படி மெதுவாகப் பேசுவார்.

"ஒரு மொழிபெயர்ப்பாளராம். பாவம், ஒரு முழு புத்தகத்த அடிச்சு வெச்சிருந்திருக்காங்க. நம்ம பக்கத்தப் பாத்து அப்படியே செஞ்சிருக்காங்க. க போச்சு, ற போச்சு, ப போச்சு. எழுத்து மேல வெக்கிற புள்ளிகூட மிஞ்சல. பதட்டத்துல அத அப்படியே சேவ் வேற பண்ணிட்டாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யார் சீட்டுல மாத்தினது?"

எக்ஸ்பிரஸ் எழவில்லை. எழுந்தது நாத்தனார்.

"என் சீட்டு சார்."

"நாளையிலருந்து வர வேண்டாம். மத்தவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். இனிமே அவங்கவங்க தப்புக்கு அவங்கவங்க சம்பளத்துலதான் பிடிப்பேன்."

மூலை சீட்டிலிருந்து வாத்தியார் எழுந்தார். எங்கோ கணக்குப் பாடம் நடத்திவிட்டுப் பள்ளிக்கூடம் மூடியதும் இங்கே வந்தவர். "சார், இரண்டாம் கண் இருந்திருந்தா இது வெளியவே போயிருக்காது."

இரண்டாம் கண் என்பது அந்தக் கூடத்துக்காரர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். ஒருவர் பக்கத்தை முடித்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொள்வார். பக்கத்து சீட்டுக்காரர் வந்து வரி வரியாகப் படிப்பார். 'இது குறி, மாத்து. இது உதாரணம், தொடாத' என்று சொல்ல இன்னொரு ஜோடிக் கண். அது வெட்டி நேரம் என்று முதலாளி நிறுத்திவிட்டார், அந்த நேரத்துக்கான கூலியையும் சேர்த்து. நிறுத்திய அன்று எல்லார் முன்னாலும், "எக்ஸ்பிரஸப் பாருங்க, அந்தம்மாவுக்கு எந்தக் கண்ணும் தேவைப்படல" என்றார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

முதலாளி இன்றும் அதே பாட்டைத்தான் எடுத்தார். "ஏம்மா எக்ஸ்பிரஸ், நீயே சொல்லு. உன் பக்கத்துல இப்படித் தப்பு வருமா?"

எல்லாத் தலைகளும் திரும்பின. நாத்தனார் மட்டும் திரும்பவில்லை. மேஜையைப் பார்த்தபடி பையில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்," என்றாள் எக்ஸ்பிரஸ்.

வேலை முடிந்து இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். பாலத்தில் எக்ஸ்பிரஸ் நின்றுவிட்டாள்.

"அண்ணி, நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லி? நீ என் சீட்டுல உக்காந்தேன்னு சொல்லுவ. நான் பின்படி வழியா ஓடினேன்னு ஆகும். ரெண்டு பேரையும் அனுப்பிடுவான். ஒருத்தியாவது வேலைல இருக்கட்டும்."

"உங்களுக்கு என்மேல கோவமே இல்லையா?"

"யாரு சொன்னா இல்லைன்னு? பத்திக்கிட்டு எரியுது." நாத்தனாரின் குரல் கம்மியது. "தப்பு பண்ணினதுக்குக்கூட இல்லடீ. அவசரத்துல யாருக்கும் ஆகும். 'இல்ல சார்'னு சொன்ன பாரு, அது காதுலயே நிக்குது."

நாத்தனார் திட்டியிருந்தால்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். அதன் பிறகு நாத்தனார் வழியில் நின்று குழந்தைக்கு பிஸ்கட் வாங்கினார். எப்போதும் வாங்குகிற பெரிய பாக்கெட்டை எடுத்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தார். எக்ஸ்பிரஸ் பார்க்காததுபோல் நின்றாள்.

வீட்டில் குழந்தை வாசலுக்கே ஓடி வந்தது. காய்ச்சல் விட்டு முகம் தெளிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அடுக்களைக்கு வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அத்தை, அம்மாவுக்கு இனிமே தினமும் லீவாம்! எங்கூடவே இருப்பாங்களாம்!" என்றது. எக்ஸ்பிரஸின் கையிலிருந்த தட்டு நழுவியது. குனிந்து பொறுக்குகிற சாக்கில் அழுதாள். அவள் கணவன் பட்டறையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "எங்கக்கா உனக்காக வாய மூடினா. நீ யாருக்காக மூடின?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே அவள் போய்க் கூடத்தின் மாடிப்படியில் நின்றாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கேயே நின்றார்கள். முதலாளிக்கு முன்னால் இவர்களிடம் சொல்லியாக வேண்டும் என்று பட்டது. சுற்றி வளைக்கவில்லை. தான் உட்கார்ந்தது, எல்லாவற்றையும் மாற்றச் சொன்னது, 'இல்ல சார்' என்றது வரை சொன்னாள்.

கூட்டத்திலிருந்து மெலிந்த பெண் ஒருத்தி வெடித்தாள். "நேத்து எப்படி வந்துச்சு அந்த வார்த்தை? உன் வேகத்தக் காட்டிக் காட்டித்தானே எங்க கூலிய வெட்டினான்? அப்பவும் சிரிச்ச, இப்பவும் மழுப்பின!"

"ஆமா," என்றாள் எக்ஸ்பிரஸ். "ரெண்டும் நான்தான். திட்டுங்க. ஆனா அண்ணிய விட்டுடாதீங்க."

வாத்தியார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "போன மாசம் நானும் ஒரு பக்கத்துல அதே மாதிரி எல்லாத்தையும் மாத்தினேன்," என்றார் மெதுவாக. "என் நல்ல நேரம், அதுல உதாரணம் எதுவும் இல்ல. உங்கள்ல யாரு செய்யல? கை தூக்குங்க பாக்கலாம்."

ஒரு கையும் எழவில்லை. மெலிந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் படியை விட்டு இறங்கவில்லை.

"அப்ப ஒண்ணு செய்வோம்," என்றாள் அவளே, இன்னும் எரிச்சல் அடங்காமல். "இனிமே இரண்டாம் கண் பாக்காம ஒரு பக்கமும் இங்கேருந்து போகாது. அக்காவும் அவங்க சீட்டுக்கு வரணும். எக்ஸ்பிரஸ், நீ போய் அவங்கள இழுத்துட்டு வா. வரமாட்டேன்னா நான் திட்டினேன்னு சொல்லு."

முதலாளி வந்தபோது கூடம் நிறைந்திருந்தது. கீபோர்டு சத்தம் பாதிதான் கேட்டது. ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் இரண்டு நாற்காலிகள். நாத்தனாரும் வந்திருந்தார்.

"என்ன இது, கல்யாண வீடா? அவங்க ஏன் இங்க இருக்காங்க?"

எக்ஸ்பிரஸ் எழுந்தாள். "சார், நேத்து நான் பொய் சொன்னேன். அந்தப் பக்கத்தக் கெடுத்தது நான். குழந்தைக்குக் காய்ச்சல்னு அண்ணி போனாங்க. அரைநாள் கூலிக்குப் பயந்து சொல்லாமப் போனாங்க."

"அப்ப நீயும் கிளம்பு."

"அவங்க ரெண்டு பேர மட்டும் அனுப்ப முடியாது சார்," என்றார் வாத்தியார். "நாங்க எல்லாருமே அப்படித்தான் மாத்திட்டு இருக்கோம். நிதானமாப் பாக்க நேரம் எங்க குடுத்தீங்க?"

"மிரட்டறீங்களா? வெளியில ஆளா இல்ல?"

"இருக்காங்க," என்றாள் மெலிந்தவள். "அவங்களுக்கும் ரெண்டு கண்ணுதான் சார். அதே தப்புதான் வரும்."

முதலாளியின் கழுத்து சிவந்தது. சாயங்காலத்துக்குள் முடிவு சொல்வதாகவும், அதுவரை யாருக்கும் சம்பளம் இல்லை என்றும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாரோடோ போனில் பேசுகிற சத்தம் கேட்டது. புதிய ஆட்களுக்காகவும் இருக்கலாம், கம்பெனிக்காகவும் இருக்கலாம். ஒருவரும் எழுந்து போகவில்லை.

எக்ஸ்பிரஸ் நாத்தனாரின் சீட்டில் அந்தப் பாழாய்ப்போன பக்கத்தைத் திறந்தாள். முகம் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளரின் புத்தகம் இனித் திரும்பாது. இனி யாருக்கும் அப்படி ஆகாமல் பக்கத்தையாவது சரிசெய்யலாம். அது போதாது என்றும் அவளுக்குத் தெரிந்தது.

நாத்தனார் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது.

'ஒவ்வொன்றாகப் பார்க்கவா, எல்லாவற்றையும் மாற்றவா?' என்று எடிட்டர் கேட்டது.

எக்ஸ்பிரஸ் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கற? திரையப் பாரு," என்றார் நாத்தனார். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, விரலால் தொட்டுக் காட்டினார். "இது உதாரணம். நட்சத்திரத்தத் திரும்பப் போடு. ம்... அடுத்தது."