விலாங்குப் பாட்டின் மூன்றாம் சரணம்

காய்சா நில்சன் தன் பெயரை மாற்றிப் போட்டது ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கோதன்பர்க் டிராம் பணிமனை கேன்டீனில், பட்டாணி சூப் ஆறுவதற்குள். யோசனை சொன்னவன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இசாக். இரண்டு பேரும் டிராம் ஓட்டுகிறவர்கள். இரண்டு பேருமே கொரியாவில் பிறந்து, பல் முளைக்கும் முன்பே சுவீடனுக்குத் தத்து வந்தவர்கள். அவள் வளர்ந்தது தெற்கே ஸ்கோனே சீமையில், ப்ரோசார்ப் என்ற ஊரில், ஒரு பன்றிப் பண்ணையில். அவன் வடக்கே, மரம் வெட்டுகிற ஊரில்.

டேட்டிங் ஆப்பில் காய்சா என்ற பெயரோடு அவள் முகத்தைப் பார்க்கிற ஆண்கள் எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான் வரும். நிஜமாக எந்த ஊர் என்று கேட்பார்கள். ப்ரோசார்ப் என்பாள். இல்லை, நிஜமாக என்பார்கள். இன்னொரு முறை ப்ரோசார்ப் என்றதும் ஆளைக் காணோம். தத்துப் பத்திரத்தில் இருக்கிற ஹேசுன் என்ற பெயரை ஒரு நாளைக்குப் போட்டுத்தான் பாரேன் என்றான் இசாக். அதே படம்தான், பெயர் மட்டும் புதிது. சூப்புக்கு அடுத்து அப்பம் வருவதற்குள் நாற்பது பேர் எழுதிவிட்டார்கள். சாயங்காலம் இருநூறு. அதில் பாதியை அம்மாவிடம் படித்துக்காட்ட முடியாது. மீதியில் நிறையப் பேர், உங்கள் ஊர்ப் பெண்கள் எதிர்த்துப் பேசமாட்டார்களாமே என்று நம்பிக்கையோடு விசாரித்திருந்தார்கள். குடிகாரனைக் காலரைப் பிடித்து டிராமிலிருந்து இறக்கிவிடுகிறவளிடம் கேட்கிற கேள்வி.

"எனக்கு மூணு வருஷத்துல ஒன்பது பேருதான் எழுதினாங்க," என்றான் இசாக். "அதுல ரெண்டு பேரு, கணக்கு டியூஷன் எடுப்பியான்னு கேட்டாங்க. உன்னைப் பொம்மைன்னு நினைக்கிறாங்க, என்னைக் கால்குலேட்டர்னு."

விளையாட்டு அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இருநூறு பேரில் ரஸ்முஸும் இருந்தான்.

அவன் அசிங்கமாக எதுவும் எழுதவில்லை. கொரிய மொழியில் இரண்டு வரி வணக்கம் எழுதியிருந்தான். அதைப் படிக்கவே அவளுக்கு மொழிபெயர்க்கிற இயந்திரம் வேண்டியிருந்தது. முதல் சந்திப்பில், சுவீடிஷ் எவ்வளவு அழகாகப் பேசுகிறாய், இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறாய் என்று கேட்டான். ரொம்ப வருஷமாக என்றாள். அது பொய் இல்லை. மிச்சத்தை அவனே இட்டு நிரப்பிக்கொண்டான். அவள் வாய் மூடி இருந்தாள், அவ்வளவுதான் அவள் செய்த தப்பு. சின்னத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேலை கூடிப்போனது. தொண்டையிலிருந்து உருண்டு வருகிற ஸ்கோனேப் பேச்சை விழுங்கிவிட்டு, செய்தி வாசிக்கிறவள்போல மெதுவாகப் பேசினாள். உருளைக்கிழங்கும் ஊறுகாய் மீனும் தின்று வளர்ந்த நாக்கில் கொரியர்களின் காரக் கிம்ச்சி பட்டதும் கண்ணில் நீர் வந்தது. ஊர் நினைவு வந்துவிட்டதா என்று ரஸ்முஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சாப்ஸ்டிக் பிடித்த அந்தக் கையைப் படம் எடுத்து 'என் ஹேசுன்' என்று இணையத்தில் போட்டான். அவனைப்போலவே ஆசியப் பெண்களை வைத்திருக்கும், அல்லது வைத்துக்கொள்ள ஆசைப்படும் ஆண்கள் கூடுகிற பக்கம் அது. கீழே ஆயிரக்கணக்கில் இதயங்கள். என்ன அடக்கம், என்ன சின்ன விரல், நம் ஊர்ப் பெண்களுக்கு இதெல்லாம் எங்கே வரும் என்று ஒருவன். எங்கே பிடித்தாய், தங்கச்சி இருக்கிறாளா என்று இன்னொருவன். கடைசி நிறுத்தத்தில் டிராமை நிறுத்திவிட்டுக் காய்சா ஒன்றுவிடாமல் படிப்பாள். போனைப் பையில் போட்டு மூடுவாள். ஆனாலும் மறுநாள் இதயங்கள் கூடியிருக்கின்றனவா என்று பார்ப்பாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு.

ஏன் சகித்துக்கொண்டாள் என்றால், ரஸ்முஸ் மற்றபடி நல்லவன். அதிகாலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவள் கையுறையை ஹீட்டர்மேல் வைத்துச் சூடாக்கித் தருவான். முப்பத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒருவன் வீட்டுக்குக் கூப்பிட்டு அம்மாவைப் பார்க்கச் சொல்கிறான். ஹேசுன் போய்விட்டால் அவளோடு அவனும் போய்விடுவான் என்று காய்சாவுக்குப் பயமாக இருந்தது. காய்சாவாகவே இருந்தாலும் இவனுக்குப் பிடிக்குமா? அந்தக் கேள்வியோடுதான் ஆகஸ்ட் மாதம் நண்டு விருந்துக்கு அவன் காரில் ஏறினாள். வழியில் எப்படியாவது சொல்லிவிடுவது என்று இருந்தாள். அவனோ, உன்னைப் பற்றி எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன், நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை என்றான். அதற்குமேல் சொல்ல மனம் வரவில்லை.

ஏரிக்கரை வீட்டில் சாயங்கால வெயில் இன்னும் சுள்ளென்று இருந்தது. தோட்டத்து மேஜையில் சிவக்க வெந்த, இறால்போல் வால் நீண்ட ஆற்று நண்டுகள் சதகுப்பைப் பூவோடு மலைபோலக் குவிந்து கிடந்தன. பத்துப் பன்னிரண்டு பேர், விருந்து வழக்கப்படி தலைக்குத் தலை காகிதத் தொப்பி. அவள் தட்டின்முன் இருந்த பெயர் அட்டையில் ரஸ்முஸ் தன் கையாலேயே கொரிய எழுத்தில் ஹேசுன் என்று எழுதியிருந்தான். பக்கத்தில், நண்டு உரிப்பது எப்படி என்று அவளுக்காகவே படம் போட்டு அச்சடித்த ஒரு தாள். அவன் அம்மா குன்வோர், பாவம், நல்ல மனுஷி, இவளுக்கென்று தனியாகச் சோறு ஆக்கி வைத்திருந்தாள். அத்தை ஒருத்தி, காது கேளாதவரிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, இது, நண்டு, என்றாள்.

ஏழு வயதிலேயே அப்பாவை முந்திக்கொண்டு நண்டு உரித்தவள் காய்சா. அன்றைக்கு அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து, கைப்பழக்கம் இல்லாதவள்போல ஓட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். ரஸ்முஸ் மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொடுத்தான். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். அவளுக்கு அழுகை வந்தது.

பிறகு பாட்டு ஆரம்பமானது. ஒரு பாட்டு, ஒரு வாய் சாராயம், மறுபடி நண்டு. அத்தையின் கணவர் ஸ்டூரே ஸ்கோனேக்காரர். எழுந்து நின்று தன் சீமைப் பாட்டு ஒன்றைக் கட்டைக்குரலில் எடுத்தார். பாதிரியார் கழற்றிவைத்த பூட்ஸுக்குள் விலாங்கு மீன் ஒன்று குடிபோன கதை. முதல் சரணம் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் மனுஷர் அப்படியே நின்றுவிட்டார். கையில் கிளாஸ், வாய் திறந்தபடி. சரணம் முடியாமல் குடிக்கக்கூடாது என்பது வழக்கம். மேஜை முழுக்கக் கிளாஸைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது. அந்தப் பாட்டு வேறு யாருக்கும் தெரியாது.

காய்சாவுக்குத் தெரியும். நாக்கு நுனியில் நின்றது. வாயைத் திறந்தால் நான்கு மாதம் கட்டிக்காத்ததெல்லாம் போச்சு. அவள் ரஸ்முஸைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லையா, பயப்படாதே என்று அவன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். அந்தத் தட்டல்தான் அவளை எழுப்பிவிட்டது. விலாங்கு பாதிரியாரிடம் சொல்கிற மூன்றாம் சரணத்தை எடுத்துவிட்டாள்.

"சாமி ஒங்க பூட்ஸு நாத்தம்
நரகத்துக்கும் ஆகாது,
சட்டியில போடுங்க என்னை
சந்தோசமாப் போயிருவேன்."

பன்றிகளைத் தொழுவத்துக்கு விரட்டிப் பழகிய குரல். ஏரிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. ஸ்டூரே ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தார்.

"எந்தூரு தாயி நீ?"

பிறந்ததிலிருந்து ஆயிரம் பேர் கேட்ட கேள்வி. ஆனால் இவர் அவள் முகத்தை வைத்துக் கேட்கவில்லை, பேச்சை வைத்துக் கேட்டார்.

"ப்ரோசார்ப்பு பக்கம்."

"ப்ரோசார்ப்புல யாரு வீடு?"

"நில்சன். பன்னிப் பண்ணை."

"கோணக் கதவுப் பண்ணையா? அந்தக் கதவை இன்னும் சரி பண்ணலயா ஒங்கப்பன்?"

"இல்ல மாமா. அடுத்த வருசம் அடுத்த வருசம்னுதான் சொல்லிக்கிட்டிருக்காரு."

அவர் குலுங்கிச் சிரித்தார். நிஜமாக எந்த ஊர் என்று கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது.  முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, ஒரே தடவையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பதில் அது.

ரஸ்முஸ் எழுந்து படித்துறைப் பக்கம் போய்விட்டான். அவளும் பின்னால் போனாள். காகிதத் தொப்பியைக் கழற்றக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"என்னை ஏமாத்திட்டே," என்றான்.

"பேரு விஷயத்துல ஆமா. அதுக்கு மன்னிச்சிரு. மிச்சமெல்லாம் நீயா வெச்சது. ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், ரஸ்முஸ். நீ கேக்கவே இல்ல."

அவன் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டான். "அப்போ உனக்குள்ள கொரியான்னு ஒண்ணுமே இல்லையா?"

கடையில் வாங்கிய சாமான் போலி என்று தெரிந்ததும் விழுமே, அப்படி விழுந்திருந்தது அவன் முகம். காரில் ஏறியபோது இருந்த கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. வலித்தது. ஆனால் நினைத்திருந்த அளவுக்கு வலிக்கவில்லை.

"இருக்கு. எவ்வளவுன்னு எனக்கே இன்னும் தெரியாது. ஆனா அது என்னுது, உனக்குக் காட்டுறதுக்கு இல்ல. முதல்ல அந்தப் படங்களை அழி. இப்பவே, என் கண்ணு முன்னால."

அவன் போனை எடுத்தான். ஒவ்வொன்றாக அழித்தான். கைப் படமும் போனது. எல்லாம் போனதும், அந்த இதயமெல்லாம் எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, உன்னைச் சொல்லிக் குத்தமில்லை என்று அவள் சொன்னாள். அவன் முதல்முறையாக அவளைக் கொஞ்சம் புதிதாகப் பார்த்தான். அதற்குள் அவள் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

ஸ்டேஷனுக்குப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, தட்டிலும் ஒன்பது நண்டு மிச்சம் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பதுதான் மரியாதை என்று நீங்கள் நினைக்கலாம். காய்சா மேஜையில் உட்கார்ந்தாள். படம் போட்ட தாளைக் கையில் சுருட்டி விரலைத் துடைத்துவிட்டு, நண்டின் தலையைக் கழற்றிச் சத்தமாக உறிஞ்சினாள். ஸ்டூரே நான்காம் சரணம் தெரியுமா என்று கேட்டுத் தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டார்.

குன்வோர் பேனாவோடு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"சோறு ஆக்கி வெச்சிட்டேன், பாரு. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். உன் பேரை எப்படி எழுதணும், சொல்லும்மா."

காய்சா எழுத்துக்கூட்டிச் சொன்னாள். குன்வோர் பெயர் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிதாக எழுதி, தட்டின்முன் நிறுத்தி வைத்தாள்.

கிளம்பும்போது காய்சா அந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் காய்சா. மறுபக்கம் ஹேசுன், அவளாலேயே இன்னும் படிக்க முடியாத எழுத்தில். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அதைப் படம் எடுத்து இசாக்குக்கு அனுப்பி, கொரிய எழுத்து கற்றுக்கொடுக்கிற வகுப்பு எங்கேயாவது இருக்கிறதா, சேருகிறேன், நீயும் வா என்று எழுதினாள். கணக்கு வாத்தியாருக்குச் சம்பளம் தனி என்று பதில் வந்தது. அவள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்துவிட்டு, அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.